அந்த இரண்டு பெண்கள் எங்கே படுப்பார்கள்?

கேள்வி: மே மாதம் என் மகளுக்கு 9 வயது முடிகிறது. பள்ளித் தோழிகள் 7 பேரை ஒரு ராத்திரி வீட்டிலேயே தங்கவைக்க ஆசைப்படுகிறாள். மொட்டை மாடியில் கூடாரம் மாதிரி கட்டி, சீரியல் பல்பு போட்டு அசத்தலாம் என்று இருக்கிறோம். முதல் மாடியில் குடியிருக்கும் கொழுந்தனாரின் பெண்கள் இருவரும் தமிழ் மீடியம், இவர்களோடு ஒட்ட மாட்டார்கள், கூட்டமும் அதிகமாகிவிடும் என்று சேர்க்கவில்லை. என்ன சாப்பாடு, என்ன விளையாட்டு வைக்கலாம்?
- ஒரு வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், உங்கள் மொட்டை மாடிக்கு எந்த வழியாகப் போவீர்கள்? கொழுந்தனார் வீட்டு வாசலைத் தாண்டித்தானே?

எட்டுப் பெண்கள் தலையணையும் போர்வையுமாகச் சிரித்துக்கொண்டே அந்தக் கதவைத் தாண்டி ஏறுவார்கள், தண்ணீருக்கு இறங்குவார்கள், பாத்ரூமுக்கு இறங்குவார்கள், திரும்ப ஏறுவார்கள். உள்ளே இரண்டு பெண்கள் முழித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். தலைக்கு மேலே தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர்கள் உங்களை என்னவென்று கூப்பிடுகிறார்கள்? பெரியம்மா என்று. பெற்றவளுக்கும் மேலே ஒரு 'பெரிய' சேர்த்துக் கூப்பிடுகிற பிள்ளைகளைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டு, வெளியே உங்களால் எப்படிச் சீரியல் பல்பு கட்ட முடிகிறது?

ஒட்ட மாட்டார்கள் என்று முடிவு செய்தது யார்? உங்கள் மகள் சொன்னதாக நீங்கள் எழுதவே இல்லை. தாயக்கட்டை உருட்டுவதற்கு மீடியம் எதற்கு? இருட்டில் ஒளிந்து பிடிக்க எந்த மீடியத்தில் படித்திருக்க வேண்டும்? சித்தப்பா மகள் என்றால் நம் வீடுகளில் தங்கைதான், வேறு சொல்லே கிடையாது. உங்கள் மகளுக்கு நீங்கள் இப்போது சொல்லிக்கொடுப்பது, தங்கையை எடை போட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதைத்தான். எனக்குக் கோபம் வருகிறது அம்மா, மறைக்கவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையோடு சித்தப்பா வீட்டுப் படியேற முடியவில்லையே, பேச்சே நின்றுபோய்விட்டதே என்று எழுதுகிறவர்களின் கடிதங்களையும் நான்தான் படிக்கிறேன். எப்போதிலிருந்து என்று அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரிவதில்லை.

கூட்டம் என்கிறீர்கள். அம்மாபேட்டையில் என் பாட்டி வீட்டு மாடியில் சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் தெளிப்போம், தளம் உஸ்ஸென்று ஆவி விடும், உள்ளங்காலை வைத்து வைத்துப் பார்த்து, சூடு அடங்கினதும் பவானி ஜமுக்காளத்தை விரிப்போம். அதில் பதினோரு பேர் படுத்திருக்கிறோம். ஒருத்தி கால் இன்னொருத்தி வயிற்றில் இருக்கும். கட்டிலுக்குத்தான் கணக்கு உண்டு, ஜமுக்காளத்தில் கொஞ்சம் நகர்ந்தால் இடம் வந்துவிடும்.

சரி, சாப்பாடு. பீட்சாவெல்லாம் வேண்டாம், தட்டுவடை செட் வையுங்கள். தட்டை, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி, எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். அவரவர் செட்டை அவரவரே அடுக்கட்டும், முக்கால் மணி நேரம் ஓடிவிடும். மிஞ்சுகிற தட்டையை நொறுக்கிப்போட்டால் நொறுக்கல். மே மாதம் என்பதால் மாம்பழத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மாடியிலிருந்து மலை தெரிந்தால், ஏற்காட்டுக்கு ஏறுகிற வண்டிகளின் வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையாவது வளைவு என்று சொல்லச் சொல்லுங்கள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, சண்டை போட்டே தூங்கிவிடுவார்கள்.

தண்ணீர் தெளித்த ஈரத் தளத்தில் கரண்ட் வயர் கூடாது, பேட்டரி விளக்கு போதும். கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் நெஞ்சுக்கு மேல் வராவிட்டால் மாடியே வேண்டாம், கூடத்தில் படுக்கவையுங்கள். கோடை மழை இடி மின்னலோடு வரும், முதல் மின்னலுக்கே எல்லோரையும் கீழே இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு அம்மாவிடமும் என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, என்ன மருந்து, தூக்கத்தில் படுக்கையை நனைக்கிற வழக்கம் உண்டா என்று தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், யார் காதிலும் விழாமல். நடு ராத்திரி ஒருத்தி வீட்டுக்குப் போகணும் என்று அழுதால் சமாதானம் பேசாதீர்கள், அவள் அப்பாவுக்கு போன் போடுங்கள்.

இதெல்லாம் அப்புறம். இன்றைக்கே படியேறி உங்கள் ஓரகத்தியைப் பாருங்கள். பிள்ளைகளை அனுப்பு என்று போகிறபோக்கில் சொல்லாதீர்கள், உட்கார்ந்து உதவி கேளுங்கள். பத்துப் பிள்ளைகள் படுக்கிற மாடிக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும், படிப் பக்கம் நீங்கள், சுவர்ப் பக்கம் அவர்.