விரல், சத்தியம், சாபம்: 17ஆம் நூற்றாண்டு ஸ்லாவியர்கள் பற்றிக் கேள்வி பதில்

ரஷ்யா, உக்ரைன், போலந்து ஆகியவற்றின் 16, 17ஆம் நூற்றாண்டு அரசியலும் மதமும் பற்றிக் கேளுங்கள். செக் நாடு பற்றியும் கொஞ்சம் சொல்வேன். முதலிலேயே ஓர் எச்சரிக்கை: அந்தக் காலத்து ஆட்களுக்கு இன்றைய பாஸ்போர்ட் கொடுத்துவிடாதீர்கள். பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது.

செவ்வந்தி: சிலுவை போட இரண்டு விரலா மூன்று விரலா என்பதற்காக ரஷ்யாவில் ஆட்களை எரித்தார்களாமே, உண்மையா சார்?

எரித்தது உண்மை. ஆனால் விரலோடு கதை முடியவில்லை.

1453இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போனபின், சுதந்திரமாக மிஞ்சிய ஆர்த்தடாக்ஸ் (கிழக்குக் கிறிஸ்தவப் பிரிவு) அரசு தாங்கள்தான் என்று மாஸ்கோக்காரர்கள் நினைத்தார்கள். 1551இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபை மன்றம், இரண்டு விரலால் சிலுவை போடாதவன் சபிக்கப்பட்டவன் என்றே எழுதிவைத்தது. நூறு வருடம் கழித்து, 1653 தவக்காலத்தில், திருச்சபைத் தலைவரான பேட்ரியார்க் நிக்கோன் கிரேக்கர்களைப் போல மூன்று விரலால் போடச் சொன்னார். வழிபாட்டுப் புத்தகங்களும் திருத்தப்பட்டன. 1667 மன்றம் இந்த மாற்றங்களை உறுதிசெய்து, மறுத்தவர்களைச் சபித்தது. இப்போது, மாற்றத்தை மறுத்த 'பழைய நம்பிக்கையாளரின்' இடத்தில் நின்று பாருங்கள். இரண்டு விரலால் சிலுவை போட்டுச் செத்த தாத்தாவும், அப்படியே வாழ்ந்த புனிதர்களும் எங்கே போவார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், 'பழைய கிரேக்க முறைக்குத் திரும்புகிறோம்' என்று சொல்லி வெளியிட்ட 1655 வழிபாட்டுப் புத்தகத்துக்கு மூலம், 1602இல் கத்தோலிக்க வெனிசில் அச்சான கிரேக்கப் பதிப்பு. இரண்டு விரல்தான் பழைய வழக்கம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யத் திருச்சபை வரலாற்றாசிரியர் கப்தேரெவே எழுதினார். சண்டை போட்ட பாமரர்கள் சொன்னதில் விஷயம் இருந்தது.

நாடோடி: அவ்வாகும் பற்றிச் சொல்லுங்கள்.

எதிர்ப்பாளர்களில் முதன்மையான குரு. சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பிவந்தும் அடங்கவில்லை. 1667இல் வடகோடியில் பெச்சோரா ஆற்றங்கரைப் புஸ்தோசெர்ஸ்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே உறைந்த மண்ணில் தோண்டிய குழிச்சிறை. உடன் இருந்த மூவருக்கும் நாக்கை அறுத்திருந்தார்கள், அவருக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தக் குழியில் உட்கார்ந்துதான் தன் வாழ்க்கையை, திருச்சபை மொழியில் அல்லாமல், தெருவில் பேசுகிற ரஷ்யத்தில் எழுதினார். எழுதியதை எப்படி வெளியே அனுப்புவது? கூட இருந்த துறவி எபிஃபானி கைவேலைக்காரர். காவல் வீரனின் கோடரிக் காம்பைக் குடைந்து, கடிதத்தை உள்ளே வைத்து ஒட்டினார். கோடரி மாஸ்கோ போனது. 1682 ஏப்ரலில் நால்வரையும் மரக்கூண்டில் வைத்து எரித்தார்கள்.

ஆத்தங்கரை: வெறும் விரலுக்காகவா உயிரை விட்டார்கள்?

மேலே செவ்வந்திக்குச் சொன்ன பதில்.

பனைமரம்: 1654 பெரேயாஸ்லாவில் உக்ரைன் தானாகவே விரும்பி ரஷ்யாவோடு சேர்ந்தது. பிறகு என்ன தகராறு?

பாஸ்போர்ட்! அன்று மாஸ்கோ மன்னரான ஜாருக்குச் சத்தியம் செய்தது, புல்வெளிப் போர்க்குடிகளான கோசாக்குகளின் படையும் அதன் தலைவர் ஹெட்மன் போஹ்தான் க்மெல்னிட்ஸ்கியும். 1648இலிருந்து போலந்து அரசரோடு போர். கூட்டாளியான கிரிமியத் தாத்தார்கள் நடுவழியில் கைவிடும் பழக்கமுள்ளவர்கள். வேறு துணை தேடினார்கள்.

அன்று தேவாலயத்தில் நடந்ததைக் கவனியுங்கள். "நாங்கள் சத்தியம் செய்கிறோம், எங்கள் உரிமைகளைக் காப்பதாக ஜார் சார்பில் நீங்களும் செய்யுங்கள்" என்று தூதர் புத்துர்லினிடம் க்மெல்னிட்ஸ்கி கேட்டார். போலந்து அரசர் தன் குடிகளுக்குச் சத்தியம் செய்வது வழக்கம், அந்தப் பழக்கத்தில் கேட்டார். புத்துர்லின் மறுத்தார்: ஜார் குடிகளுக்குச் சத்தியம் செய்வதில்லை, அப்படிக் கேட்பதே தகாது. ஹெட்மன் தன் தளபதிகளோடு பேச வெளியே போய்விட்டார். தூதர் தேவாலயத்திலேயே காத்திருந்தார். கடைசியில் கோசாக்குகள் வந்து தாங்கள் மட்டும் சத்தியம் செய்தார்கள். ஒருவருக்கு அது இருதரப்பு ஒப்பந்தம், மற்றவருக்கு அடிபணிதல்.

கடலோரன்: அப்படியென்றால் அது வெறும் ராணுவக் கூட்டணிதானே? பனைமரம் சோவியத் பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிறார்.

பனைமரம்: கூட்டணிக்கு யாராவது சத்தியப் பிரமாணம் எடுப்பார்களா? நீங்கள் நேற்றைய செய்தித்தாளை ஒப்பிக்கிறீர்கள்.

இரண்டு பேரும் கொஞ்சம் உட்காருங்கள்.

கடலோரன், கூட்டணி என்று மட்டும் சொன்னால் மார்ச் மாத உடன்பாடு இடிக்கும். கோசாக்குகள் தங்கள் ஹெட்மனைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், 60,000 பேர் படைப் பதிவேட்டில் இருக்கலாம் என்பதெல்லாம் ஜார் 'அருளியதாகவே' அதில் வருகிறது. போலந்தோடும் துருக்கி சுல்தானோடும் ஜாரைக் கேட்காமல் தூது வைத்துக்கொள்ளக் கூடாது.

பனைமரம், நிரந்தர இணைப்பு என்றால் அடுத்த நாலு வருடத்தை என்ன செய்வீர்கள்? 1656இல் வில்னியஸில் மாஸ்கோவும் போலந்தும் சமாதானம் பேசியபோது கோசாக் தூதர்களை உள்ளேயே விடவில்லை. க்மெல்னிட்ஸ்கி கொதித்துப்போனார். 1657இல் அவர் இறந்தார். அடுத்த ஹெட்மன் விஹோவ்ஸ்கி 1658இல் ஹாத்யாச்சில் போலந்தோடு உடன்பாடு செய்துகொண்டு, 1659இல் கொனோதோப்பில் மாஸ்கோப் படையை முறியடித்தார். 1667இல் மாஸ்கோவும் போலந்தும் கோசாக் நாட்டை த்னீப்பர் ஆற்றோடு இரண்டாகப் பங்குபோட்டன. கீவ் நகரம் இரண்டு வருடத்துக்கு மட்டும் மாஸ்கோ வசம் என்று எழுதினார்கள், திருப்பிக் கொடுக்கவே இல்லை.

'மீண்டும் இணைந்தது' என்ற பேச்சு 1954இல், 300ஆம் ஆண்டு விழாவில், சோவியத் கட்சி அதிகாரபூர்வமாக்கியது. கிரிமியாவை உக்ரைனுக்கு மாற்றியதும் அதே வருடம்தான்.

செவ்வந்தி: க்மெல்னிட்ஸ்கி நாயகனா வில்லனா?

கீவில் குதிரைமேல் சிலையாக நிற்கிறார். 1648 எழுச்சியில் பல்லாயிரம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள், யூதர் நினைவில் அந்தப் பெயர் அப்படித்தான் பதிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மழைக்காலம்: போலந்தில் மத சகிப்புத்தன்மை இருந்ததாகச் சொல்வது உண்மையா?

ஓரளவு. 1573 ஜனவரியில் வார்சாவில் கூடிய பிரபுக்கள், மத வேற்றுமைக்காக ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்துவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் பாரிஸில் புராட்டஸ்டண்டுகளைத் தெருத்தெருவாக வெட்டியிருந்தார்கள். அந்தப் பிரெஞ்சு அரசரின் தம்பி ஹென்றியையே போலந்து அரசராகத் தேர்ந்தெடுத்து, இதைக் காப்பதாகச் சத்தியமும் வாங்கினார்கள். ஆனால் இது பிரபுக்களுக்கான பாதுகாப்பு. பண்ணையடிமைக்கு எவ்வளவு எட்டியது என்பது வேறு கதை. 1658இல் திரித்துவத்தை ஏற்காத 'போலந்துச் சகோதரர்'களை நாட்டை விட்டே போகச் சொன்னார்கள்.

குறும்பன்: ராஸ்புடின் சாகவே மாட்டேன் என்றாராமே?

1916. என் காலம் இல்லை.

ஆத்தங்கரை: பிராக் நகரில் ஜன்னலிலிருந்து தூக்கிப்போட்ட கதை?

1618 மே 23. ஹாப்ஸ்பர்க் பேரரசரின் ஆளுநர்கள் இருவர், செயலர் ஒருவர். மூவரும் பிழைத்தார்கள். கன்னி மரியாள் தாங்கினார் என்றது கத்தோலிக்கத் தரப்பு, குப்பைமேடு தாங்கியது என்றது மறுதரப்பு. செயலருக்குப் பின்னால் பிரபுப் பட்டமும் கிடைத்தது. தூக்கிப்போட்ட செக் பிரபுக்களுக்குத்தான் கெட்ட காலம்: 1620இல் வெள்ளைமலைப் போரில் பேரரசரின் தரப்பிடம் தோற்றபின், 1621 ஜூன் 21 அன்று 27 பேருக்குப் பழைய நகரச் சதுக்கத்தில் மரண தண்டனை.

ஊர்சுற்றி: இரண்டு விரல், மூன்று விரல் எல்லாம் ஒன்றுதானே, அதற்குப் போய்...

அடுத்த கேள்வி.

நாடோடி: கீவ் திருச்சபை எப்போது மாஸ்கோவுக்குக் கீழே போனது?

1686. அதுவரை கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கீழே. மாஸ்கோத் தூதர் அங்கே பேட்ரியார்க் தியோனிசியஸைப் பார்த்து, கடிதம் வாங்கினார். கைமாறியது 200 பொற்காசும் 120 சேபிள் (விலையுயர்ந்த ரோமமுள்ள சிறு விலங்கு) தோலும் என்று தூதரின் ஆவணங்களே சொல்கின்றன. கீவ் பேராயருக்குப் பட்டம் சூட்டும் உரிமை மாஸ்கோவுக்கு, ஆனால் வழிபாட்டில் முதலில் கான்ஸ்டான்டிநோபிள் பேட்ரியார்க் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. மாஸ்கோ அந்த நிபந்தனையைக் காப்பாற்றவில்லை. 2018 அக்டோபரில் கான்ஸ்டான்டிநோபிள் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது.

பனைமரம்: 332 வருடம் கழித்து ரத்து செய்வது எந்த ஊர் நியாயம்?

கடலோரன்: லஞ்சம் கொடுத்து வாங்கியது மட்டும் நியாயமா?

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருங்கள். பீட்டரின் தாடி வரி பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் நாளை காலை பதில் போடுகிறேன்.