சூப்பர் ஹீரோ உடை தைக்கும் பையன்: கொழிஞ்சாம்பாறை அம்மாவுக்கு ஒரு பதில்

"ஏனுங் சார், இது சோறு போடுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே மடியிலிருந்த செருப்புப் பெட்டியை என் மேசைமேல் வைத்தீர்கள். கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாகப் பொள்ளாச்சி வரும் பஸ்ஸில், அத்தனை கூட்டத்திலும் நசுங்காமல் அதைக் கொண்டுவந்திருந்தீர்கள். பையனுக்குத் தெரியாமல் எடுத்துவந்தேன் என்றும் சொன்னீர்கள். அன்றைக்கு அரை மணி நேரத்தில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் வருவதால், ஊர் பெயரை மட்டும் போட்டு எல்லோருக்குமாக எழுதிக்கொள்ள நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி.

பெட்டிக்குள் ஓரடி உயரத்தில் ஒரு பேட்மேன் இருந்தது. கடையில் வாங்கிய வெறும் உடம்புப் பொம்மைக்கு மேல் எல்லாமே உங்கள் மகன் செய்தது. போன வருடம் பள்ளி விழாவுக்கு அவன் தானே போட்டுக்கொள்ளச் செய்த உடையை, அப்படியே ஆறில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறான். பெரிய உடையைக் குழந்தைகள் விளையாடும் ஃபோம் பாய், செருப்பு ஒட்டும் சொல்யூஷன், சூடான காற்றை ஊதும் ஹீட் கன் ஆகியவற்றை வைத்துச் செய்தான் என்றீர்கள். கதையில் வரும் வீரர்களைப் போல உடை செய்து போட்டுக்கொள்வதைக் காஸ்பிளே என்பார்கள், உலகம் முழுக்க அதைச் செய்பவர்கள் கையாளும் பொருளும் இந்த ஃபோம்தான். இ.வி.ஏ. என்கிற அந்த ஃபோம், ரப்பர் செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் அதே சரக்கு. சூடு காட்டினால் வளையும், ஆறினால் வளைந்தபடியே நிற்கும்.

நான் 22 வருடம் ஐ.டி.ஐ.யில் அச்சும் கருவியும் செய்யக் கற்றுத்தரும் டூல் அண்ட் டை பிரிவில் பாடம் எடுத்தவன். பையன்கள் கொண்டுவரும் வேலையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் இது. அன்றைக்கு அந்தப் பொம்மையின் முகத்தையோ நெஞ்சுக் கவசத்தையோ நான் அதிக நேரம் பார்க்கவில்லை. பார்த்தது முதுகில் தொங்கிய மேலங்கியை.

ஏன் என்று சொல்கிறேன். 170 சென்டிமீட்டர் ஆளை ஆறால் வகுத்தால் 28 சென்டிமீட்டர் பொம்மை. 5 சென்டிமீட்டர் பெல்ட் 8 மில்லிமீட்டர் ஆகிவிடும். இதெல்லாம் கணக்கு, யாருக்கும் வரும். ஆனால் துணியின் கனம் ஆறில் ஒன்றாகாது. நூலும் அப்படித்தான். பெரிய உடையில் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் மடித்துத் தைப்போம். பொம்மையில் அது ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம், மடித்தால் கயிறு மாதிரி தடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல், துணி விழுகிற விதம். ஆள் போடும் மேலங்கி தன் பாரத்திலேயே அலை அலையாக இறங்கும். அதே துணியைச் சின்னதாக வெட்டிப் பொம்மைக்குப் போட்டால் விறைத்துக்கொண்டு நிற்கும், பொம்மை குடை பிடித்த மாதிரி இருக்கும்.

உங்கள் மகன் அதைக் கண்டுபிடித்திருக்கிறான். முதல் மூன்று மேலங்கியைப் பிரித்துப் போட்டான், நாலாவதுக்கு உடைந்துபோன குடையின் துணியை எடுத்துக்கொண்டான் என்றீர்கள். ஓரத்தை மடிக்காமல் ஒட்டியிருக்கிறான். உள்ளே முடி மாதிரி ஒரு செம்புக் கம்பி ஓடுகிறது. "அது அவங்கப்பா நார் மில்லுல மோட்டார் கட்டற கம்பிங்க" என்று நீங்கள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னீர்கள். அந்தக் கம்பியால்தான் மேலங்கி காற்றில் பறக்கிற மாதிரி வளைந்து நிற்கிறது. இந்த வேலை செய்பவர்கள் கையாளும் உத்தி அது. அவன் எங்காவது பார்த்துத் தெரிந்துகொண்டானோ தானே யோசித்தானோ, மூன்று தடவை தையலைப் பிரித்தவன் நாலாவது தடவையும் உட்கார்ந்தான் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. மார்க் ஷீட்டில் இது வராது அம்மணி. ஆனால் வேலை கொடுப்பவன் தேடுவது இதைத்தான்.

சொந்தக்காரர்கள் "பொம்பளப் புள்ளையாட்டம் பொம்மைக்குத் துணி தைக்கறான்" என்று பேசுவதாக வருத்தப்பட்டீர்கள். அவர்கள் வருடா வருடம் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை பார்ப்பவர்கள்தானே? பெரிய ஆட்கள் படைவீரன் வேஷம் கட்டிப் பழைய போரை நடித்துக் காட்டுவதற்கு ஊரே கூடுகிறது. உங்கள் பாலக்காடு மாவட்டத்திலேயே வெள்ளிநேழியில் கதகளிக் கிரீடமும் ஆபரணமும் செய்வது குடும்பத் தொழில். மரத்தைக் குடைந்து கிரீடம் செய்து கண்ணாடித் துண்டு பதிக்கும் அந்தக் கைக்கும் உங்கள் மகன் கைக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. காஸ்பிளே என்ற சொல் ஜப்பானில் 1980களில்தான் பிறந்தது, வேஷம் கட்டுவது நம் மண்ணில் எப்போதும் இருந்தது.

இப்போது சோற்றுக்கு வருவோம்.

காமிக்ஸ், சூப்பர் ஹீரோ ரசிகர்கள் கூடும் சென்னை காமிக் கான் விழாவில் பொம்மை விற்று முன்னுக்கு வந்துவிடுவேன் என்கிறான் உங்கள் மகன். இந்த விழா டில்லியில் 2011ல் தொடங்கி, சென்னைக்கு 2024ல் வந்தது. போகட்டும், பார்க்கட்டும், போட்டியில் உடை போட்டுக்கொண்டு மேடையும் ஏறட்டும். ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று நாள் விழாவை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆர்டருக்கு ஒவ்வொன்றாகச் செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நல்ல பெயர் எடுக்கவே பல வருடம் ஆகும். இந்தப் பொம்மைக்கு எத்தனை நாள் ஆனது என்று கேட்டேன், ஒன்றரை மாதம் என்றீர்கள். அடுத்த பொம்மைக்கு ஒரு நோட்டுப் போட்டு எந்தெந்த வேலைக்கு எத்தனை மணி நேரம், பொருளுக்கு எவ்வளவு ரூபாய் என்று எழுதச் சொல்லுங்கள். நார் மில் நடத்தும் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு நாள் கூலி போட்டுப் பார்க்கட்டும். விலை என்ன சொல்ல வேண்டும் என்பது அப்போது அவனுக்கே புரியும்.

அவன் பொம்மை செய்யக் கற்கும் அதே வேலைக்கு, பொம்மைக்கு வெளியே சம்பளம் இருக்கிறது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். கம்ப்யூட்டரில் உருவத்தைச் செதுக்கி, ரெசின் என்ற பிசின் திரவத்தை உருவமாக இறுக்கித் தரும் 3டி பிரிண்டரில் எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிலிக்கோன் அச்சு எடுத்து வார்ப்பது: ஒரு பொம்மையின் வழி இது. உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கோயம்புத்தூர், மறு பக்கம் திருச்சூர். இரண்டுமே நகை ஊர். இன்றைக்குப் பெரிய நகைப் பட்டறைகளில் மோதிரத்தையும் தொங்கட்டானையும் கம்ப்யூட்டரில்தான் வடிவமைக்கிறார்கள். மெழுகு போன்ற ரெசினில் பிரிண்ட் எடுத்து, அதைச் சுற்றி அச்சு கட்டி, எரித்து வெளியேற்றிவிட்டுத் தங்கத்தை ஊற்றுகிறார்கள். பல் கட்டும் லேப்களிலும் அதே மாதிரி ரெசின், அதே மாதிரி பிரிண்டர். கோவையின் உலோக வார்ப்பு ஃபவுண்டரிகளுக்குப் பேட்டர்ன், அதாவது அச்சு எடுப்பதற்கான மாதிரி உருவம், செய்யும் பட்டறைகளுக்கும் அளவு தெரிந்த கை எப்போதும் தேவை. சினிமாக் கலைப் பிரிவு, விளம்பர மாதிரிகள், கேம் கம்பெனிகளில் உருவம் செதுக்கும் வேலை என்று இன்னொரு பக்கமும் நீளும். அதனால் 'பொம்மையா, வேலையா' என்று அவனை நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள். இந்த வரிசையில் எந்த இடத்தில் அவன் சோறு தண்ணி மறந்து உட்கார்கிறான் என்று மட்டும் கவனியுங்கள். துணியும் வெட்டும் என்றால் ஒரு படிப்பு, செதுக்குவது என்றால் வேறு, அச்சும் வார்ப்பும் என்றால் இன்னொன்று.

துணி என்றால் நிஃப்ட் என்கிற மத்திய அரசு ஆடை வடிவமைப்பு நிறுவனம். சென்னையில் இருக்கிறது, உங்கள் மாநிலத்தில் கண்ணூரில் இருக்கிறது. பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கு பிளஸ் டூவில் எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் எழுதலாம், ஆகவே காமர்ஸ் எடுத்துவிட்டானே என்ற கவலை வேண்டாம். நுழைவுத் தேர்வின் அடுத்த கட்டத்தில் கொஞ்சம் பொருளைக் கையில் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஒரு மாதிரி செய்யச் சொல்வார்கள். கோச்சிங் போன பிள்ளைகள் அங்கே திணறுவார்கள், உங்கள் மகனுக்கு அது வீட்டு வேலை. மொத்தமாக வடிவமைப்பு என்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி., இல்லையென்றால் ஐ.ஐ.டி.களின் பி.டெஸ்.ஸுக்கான யூசீட் நுழைவுத் தேர்வு. என்.ஐ.டி.யின் காந்திநகர் வளாகத்தில் பொம்மை, விளையாட்டு வடிவமைப்புக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது என்று அவனிடம் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள். இந்தத் தேர்வுகள் பெரும்பாலும் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் வரும். பிளஸ் டூ தொடங்கும்போதே விண்ணப்பத் தேதியைக் குறித்து வையுங்கள். செதுக்குவது என்றால் திருச்சூர் அரசு நுண்கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கலாம். பெரிய செலவில்லை, மண்ணில் கை பழகும், வீட்டிலிருந்தும் தொலைவில்லை. அச்சு என்றால் சிப்பெட் என்கிற மத்திய அரசு பிளாஸ்டிக் கல்வி நிறுவனம், 1968லிருந்து நடக்கிறது. பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜியில் மூன்று வருட டிப்ளமோ கொடுக்கிறார்கள். அச்சுக்கான டை செய்யத் தெரிந்தவன் வேலையில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் சொந்தப் பிரிவு என்பதால் கொஞ்சம் தூக்கிச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அதற்கு முன்னால், இந்த வருடமே சாஸ்திரோத்சவம் என்கிற கேரளப் பள்ளி அறிவியல் விழாவின் பணி அனுபவப் போட்டிகளில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். களிமண் உருவம், மரச் செதுக்கு என்று உட்கார்ந்த இடத்திலேயே செய்து காட்ட வேண்டும். நேரத்துக்குள் முடிப்பதற்கு அதைவிட நல்ல பழக்கம் கிடையாது.

தனியார் அனிமேஷன், 3டி பயிற்சி மையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் அக்கா மகனை அப்படி ஒரு மையத்தில் நானே கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தேன். 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று போர்டு. ஒன்றரை லட்சம் கட்டினோம். ஆறு மாதம் பாடம் எடுத்தவர் போய்விட்டார், அடுத்தவர் வரவில்லை, வேலை என்று அனுப்பியது போன் பேசும் கால் சென்டருக்கு. அக்கா இன்றுவரை என்னை ஒரு சொல் கேட்டதில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள். முன்னால் படித்த நாலு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

30,000 ரூபாய்க்குப் பிரிண்டர் கேட்கிறான், அதுதான் வீட்டில் சண்டை. இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் ஆறு மாதம் உருவம் செதுக்கட்டும், ஒரு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் போதும். முடிந்ததைக் கோவையில் கூலிக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவர்களிடம் கொடுக்கலாம். பத்து உருவம் அப்படி எடுத்த பிறகும் ஆசை இருந்தால் வாங்கிக் கொடுங்கள். வாங்கினால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: காயாத ரெசின் தோலில் படக்கூடாது, அதன் வாடையும் நல்லதில்லை. கையுறை கட்டாயம், காற்றோட்டமான இடம் கட்டாயம், படுக்கிற அறையில் கூடவே கூடாது. சொல்யூஷனும் ஹீட் கன்னும் அப்படியே, ஜன்னலை மூடிக்கொண்டு ராத்திரி வேலை வேண்டாம்.

விற்பது பற்றி அவனிடம் நேரில் பேசுகிறேன், சுருக்கமாக உங்களுக்கும். பேட்மேன் டி.சி. என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனத்தின் சொத்து. தனக்கென்று செய்து அலமாரியில் வைத்துக்கொள்வது ஒன்று, செய்து விற்பது வேறு. விற்க உரிமம் வேண்டும். 'சூப்பர் ஹீரோ' என்ற சொல்லையே அமெரிக்காவில் இன்னொரு காமிக்ஸ் நிறுவனமான மார்வெலும் டி.சி.யும் கூட்டாக வணிகக்குறியாக வைத்திருந்தன, அது ரத்தானதே 2024ல்தான். ஜப்பானில் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற பொம்மைச் சந்தையில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு: கையால் செய்பவர்களுக்கு அந்த ஒரு நாள் மட்டும் விற்றுக்கொள்ள உரிமையாளர்கள் அனுமதி தருவார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் பழகுவதற்குப் பேட்மேன் இருக்கட்டும், விற்பதற்குத் தானே ஒரு வீரனை உருவாக்கட்டும். அவனே வரைந்து செய்த உருவத்துக்குப் பதிவு செய்யாமலே நம் சட்டப்படி பதிப்புரிமை (காப்பிரைட்) அவனுக்கு வந்துவிடும். இன்னொன்று, 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் விளையாடுவதற்கென்று விற்றால் 2021லிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை தேவை. பெரியவர்கள் சேகரித்து வைக்கும் பொருள் என்று தெளிவாகச் சொல்லியே விற்கப் பழகட்டும்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்பாவும் வந்தால் நல்லது, கம்பி அவருடையது அல்லவா. பொம்மையோடு, பிரித்துப் போட்ட அந்த மூன்று மேலங்கிகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். குப்பையில் போட்டிருந்தால், ஒவ்வொன்றும் எங்கே கெட்டது என்று வரைந்துகொண்டு வரட்டும்.