இழப்பீடு யார் கைக்குப் போனது?

அன்புள்ள ஐயா,

நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததற்காக 1952-இல் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டது பற்றி எழுதியிருந்தீர்கள். கொல்லப்பட்டவர்களின் உயிருக்கு எந்தக் கணக்கில் விலை வைத்தார்கள்? முகாம்களில் இருந்து மீண்டவர்களுக்கு அந்தப் பணம் கிடைத்ததா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உயிருக்கு விலை வைக்கவே இல்லை. இஸ்ரேல் கேட்டது குடியமர்த்தும் செலவை: தப்பி வந்த 5 லட்சம் யூத அகதிகள், ஆளுக்கு 3000 டாலர், ஆக 150 கோடி டாலர். அதில் 100 கோடி மேற்கு ஜெர்மனியின் பங்கு, மீதி கிழக்கு ஜெர்மனியுடையது. கிழக்கு கடைசிவரை தரவில்லை. செலவுக் கணக்கு என்பதால் பேரம் பேசலாம்; வாங்கினால் மன்னித்ததாகவும் ஆகாது. அப்படியும் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் 61-50 என்றுதான் பேச்சுவார்த்தைக்கு ஒப்புதல் கிடைத்தது.

நெதர்லாந்தின் வாசனாரில் பேசி, செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்கில் கையெழுத்தானது. இஸ்ரேலுக்கு 300 கோடி ஜெர்மன் மார்க், பெரும்பகுதி சரக்காக: இரும்பு, கப்பல், இயந்திரம். யூத அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸுக்கு 45 கோடி.

மீண்டவர்களின் கைக்கு நேராகப் பணம் வந்தது வேறு வழியில். தனிநபர் இழப்பீட்டுக்குச் சட்டம் இயற்றுவதாகவும் ஜெர்மனி அங்கே ஒப்புக்கொண்டிருந்தது. 1956-இல் விரிவான சட்டம் வந்தது. சிக்கல் அதன் விதிகளில் இருந்தது. சிறைப்பட்ட ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 150 மார்க். 20 மாதம் முகாமில் கிடந்தவருக்கு 3000. உடல்நலம் கெட்டதற்கு ஓய்வூதியம் வேண்டுமானால் உழைக்கும் திறன் குறைந்தது 25 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் துன்புறுத்தல்தான் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். தூக்கமின்மையும் மன நடுக்கமும் பிறவிக் குணம் என்று எழுதிக் கைவிரித்த மருத்துவர்கள் நிறைய. கிழக்கு ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா மக்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை: 1940-இல் நாஜிகள் அவர்களை நாடுகடத்தியது இனத் துன்புறுத்தல் அல்ல என்று 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதை மாற்ற 1963 ஆனது.

அதனால் இப்படிப்பட்ட ஒப்பந்தம் எதைப் படித்தாலும் மொத்தத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். யார் விண்ணப்பிக்கலாம், எந்தத் தேதிக்குள், நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, மறுத்தால் எங்கே முறையிடுவது என்று பாருங்கள். முகாம் ஆவணங்களைக் கொலையாளிகளே எரித்துவிட்டபோது, மீண்டவரிடம் காகிதம் கேட்பது அநியாயம். உறுதிமொழி வாக்குமூலமே போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். 1952-இல் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் தனித் தரப்பாக இருந்தது. ஒரு காலத்தில் ஜெர்மனியின் காலனியாக இருந்த நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களை 1904 முதல் 1908 வரை அழித்ததற்காக, 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாக 2021-இல் ஜெர்மனி சொன்னது. அது தனிநபர்களுக்கு அல்ல, வளர்ச்சித் திட்டங்களுக்கு. பேசியவை இரண்டு அரசுகள். எங்களை வைத்துப் பேசாத ஒப்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று அந்த மக்களின் தலைவர்கள் பலர் மறுத்துவிட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான்.