பழைய லப்டொப்பை எறியத்தான் வேண்டுமா?

திருகோணமலையில் பதினைந்து வருடமாகக் கணினியும் போனும் திருத்தி வருகிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, உப்புவெளியில் ரியூசன் நடத்துகிறேன். என் லப்டொப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 புரோசசர். விண்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்குங்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். இப்போது அவ்வளவு காசு இல்லை.

பதில்: தங்கச்சி, அவசரப்பட வேண்டாம். கடையில் சொன்னது பாதி சரி. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத புரோசசரும் கேட்கிறார்கள். ஒரே ஒரு தலைமுறையில் உங்கள் லப்டொப் தவறிவிட்டது. பாதுகாப்புக்குத்தான் இந்த விதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசைப்பலகை, திரை, போர்டு எல்லாம் நன்றாக இருக்கிற ஒரு இயந்திரத்தை இதற்காக ஒதுக்கச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. இங்கே ஒரு லப்டொப் என்பது பல மாதச் சேமிப்பு.

வீட்டுப் பாவனையாளர்களுக்கு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிந்துகொள்ளலாம். இன்னொரு வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, லப்டொப்பில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். சூம் அதில் வேலை செய்யும், வேர்ட் கோப்புகளை லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள் திறக்கும். பக்க அமைப்பு சில இடங்களில் குழம்பும், அதனால் வினாத்தாளை பிடிஎஃப் ஆக்கியே அச்சுக்குக் கொடுங்கள். போட்டோஷொப் உங்களுக்குக் கட்டாயம் என்றால் மட்டும் லினக்ஸ் சரிவராது.

உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுங்கள். புதிய லப்டொப் விலையில் அது சிறு பங்குதான். வேகத்தில் வரும் மாற்றம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: தம்பி, குச்சவெளியில் தொழிலுக்குப் போனபோது போன் கடல்தண்ணீரில் விழுந்துவிட்டது. ஐபி68, அதாவது தண்ணீரைத் தாங்கும் தரம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அரிசிக்குள் போட்டு எடுத்தேன். இரண்டு நாள் வேலை செய்தது, இப்போது சார்ஜ் ஏறவில்லை.

பதில்: அண்ணே, ஐபி68 சோதனை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். உப்புத்தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. அரிசியால் உப்பை எடுக்கவும் முடியாது. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருந்து செம்பை அரிக்கும். அரிசித் துகள் போனுக்குக் கேடு என்று அப்பிள் நிறுவனமே 2024இல் தன் அறிவுறுத்தலில் சொல்லியிருக்கிறது. இனி அப்படி விழுந்தால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜில் போடவே வேண்டாம். ஐபி68 போன் என்றால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசித் துடைத்து, அன்றே திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். திறந்து அல்கஹோலால் கழுவினால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. இப்போதைக்குச் சார்ஜ் ஏறும் வாயை மட்டும் மாற்றினால் போதுமா என்று பார்க்கலாம், கொண்டு வாருங்கள்.

கேள்வி: 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்த வேண்டுமா?

பதில்: நிறுத்தினால் பற்றரி கூடக் காலம் இருக்கும். ஆனால் நம் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி வெயில். வண்டிக்குள்ளே, ஜன்னலோரத்தில் போனை வைக்காதீர்கள்.

கேள்வி: சங்க அறிக்கையைப் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினேன். எதிர்ப்பக்கத்தில் வெறும் ஆங்கில எழுத்தாக வந்ததாம். யுனிகோடுக்கு மாறத்தான் வேண்டுமா?

பதில்: மாறுங்கள் ஐயா. பாமினியில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். பத்து வருடம் கழித்து ஒரு பெயரைத் தேடினாலும் கிடைக்காது. யுனிகோடில் தமிழ் தமிழாகவே சேமிக்கப்படுகிறது. விரல் பழகிய பாமினி விசையமைப்பை விடத் தேவையில்லை, அதே அமைப்பில் யுனிகோடு அடிக்கும் இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. அச்சகம் பாமினிதான் கேட்டால், கடைசியில் ஒரு பிரதியை மாற்றிக் கொடுங்கள். மூலப் பிரதி யுனிகோடிலேயே இருக்கட்டும்.