பிரிவைச் சொல்லும் படப் புத்தகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். ஒரு மாத விடுப்பில் வந்தவர் ஆவணியில் திரும்பிப் போனார். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் கிளம்பியது நள்ளிரவு என்பதால் எங்கள் நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். புறப்படும் நேரத்தில் குழந்தை அழுவது நல்லதல்ல என்று பெரியவர்கள் சொன்னதால் அவளை எழுப்பவில்லை. அன்று முதல் அவள் படுக்கவே மறுக்கிறாள். என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் கண்ணை மூடுகிறாள். அடுத்த விடுப்புக்குள், இரவில் படுக்கும்போது வாசித்துக்காட்ட ஒரு படப் புத்தகத்தை நானே செய்ய விரும்புகிறேன். இப்படி எழுதிப் பார்த்தேன்: "அப்பா ஊருக்குப் போகிறார். பாப்பா அழக்கூடாது. சமர்த்தாக இருந்தால் அப்பா சீக்கிரம் வந்துவிடுவார். பாப்பா தூங்கிவிட்டாள். அப்பா டாட்டா!" இது சரியாக இருக்கிறதா?
— ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் மகள் படுக்க மறுப்பது பிடிவாதத்தால் அல்ல. தூங்கினாள், விழித்தாள், அப்பாவைக் காணவில்லை. தூங்கும் நேரத்தில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். தன் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் பிழையும் இல்லை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வது அடுத்து நீங்களும் போய்விடக்கூடாது என்பதற்காக. ஆகவே இந்தப் புத்தகம் செய்யவேண்டிய வேலை அவள் அழுகையை நிறுத்துவதன்று. அப்பா எப்போது, யாரிடம் சொல்லிவிட்டு, எப்படிப் போகிறார், அவர் போன பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை வரிசையாகக் காட்டுவதே.

இந்த நோக்கில் பார்த்தால் நீங்கள் எழுதிய ஐந்து வரிகளில் முதல் வரியை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். "சமர்த்தாக இருந்தால்" என்ற சொற்களை முதலில் நீக்கிவிடுங்கள். விடுப்பு தள்ளிப்போகலாம், முதலாளி அனுமதி தராமல் போகலாம். அப்போது அப்பா வராததற்குக் காரணம் தன் குறும்புதான் என்று ஒரு நான்கு வயதுக் குழந்தை முடிவுகட்டிவிடும், அதை உங்களிடம் சொல்லவும் சொல்லாது. "சீக்கிரம்" என்பதும் அவ்வயதில் பொருளற்ற சொல். அவளுக்கு அது நாளைக் காலையாகவும் இருக்கலாம், இன்று மாலையாகவும் இருக்கலாம். "அழக்கூடாது" என்பது பெரியவர்களின் வசதிக்கான வரி. கடைசியாக, குழந்தை தூங்கியபின் அப்பா டாட்டா சொல்வதாக நீங்கள் முடித்திருப்பது, எந்த நிகழ்ச்சி அவளைக் கலங்கச் செய்ததோ அதையே தினமும் இரவில் அவளுக்கு நினைவூட்டுவதாக ஆகிவிடும்.

புத்தகத்தில் அப்பா அவளிடம் விடைபெறும்போது அவள் விழித்திருக்கவேண்டும். விமானம் நள்ளிரவில்தான் என்றாலும், மாலையிலேயே அவளை மடியில் உட்காரவைத்து, "பாப்பா, நீ தூங்கினதுக்கு அப்புறம் கார் வரும். நான் போயிட்டு வாரேன். காலைல நீ முழிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பா" என்று அவர் சொல்லும் காட்சியை வையுங்கள். கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு மட்டும் உங்கள் வீட்டுப் பேச்சாகவே இருக்கட்டும்; அப்பாவை அவள் அத்தா என்றோ வாப்பா என்றோ டாடி என்றோ அழைப்பவளானால் புத்தகத்திலும் அந்தச் சொல்லே வரவேண்டும். அதைக் கேட்டு அவள் அழுவதையும் வரையுங்கள். அழுபவளை அப்பா தூக்கிவைத்துக்கொள்வதையும் வரையுங்கள். சகுனத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு வாதாட வேண்டாம். கார் வாசலுக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்பாகவே குழந்தை அழுது முடித்துவிடுவதால் அவர்களுக்கும் மறுப்பு இருக்காது.

தொடக்கப் பக்கங்களில் விமானத்தைத் தேடிப் போகாதீர்கள். இத்தகைய வீட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் அட்டை முழுக்க ஒரு விமானம் பறக்கிறது; குழந்தை கண்டதோ பெட்டி கட்டுவதைத்தான். முறுக்கு டப்பாவைப் பாட்டி துண்டில் சுற்றி வைப்பது, ஊறுகாய்ப் பாட்டிலுக்கு இரண்டு பாலித்தீன் பை போடுவது, பெட்டியைத் தராசில் தூக்கிப் பார்த்துவிட்டு எடை கூடியதென்று மசாலாப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுப்பது, மார்க்கரால் பெட்டியின் மேல் பெயர் எழுதுவது ஆகியவையே அவள் அறிந்த பிரிவின் அடையாளங்கள். எழுதி முடித்த மார்க்கரின் மூடியைப் போடும் வேலையைப் புத்தகத்திலும் அவளுக்கே கொடுங்கள். அடுத்த முறை உண்மையாகவே கொடுங்கள்.

பின்பாதி இன்னும் முக்கியமானது. அப்பா போனதோடு கதை முடியலாகாது; மறுநாள் காலை வரவேண்டும். கொடியில் அப்பாவின் கைலி காய்கிறது, அப்பா இல்லை, அம்மா இருக்கிறாள், பால் ஆறுகிறது, பள்ளி வேன் வருகிறது, மாலையில் பாட்டி தலைவாருகிறாள், பிறகு இரவு. நம் தாலாட்டுகள் மாமன், அத்தை, பாட்டி என்று உறவுகளை ஒவ்வொருவராகப் பெயர்சொல்லி வரிசைப்படுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு: தன்னைச் சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே குழந்தை உறங்குகிறது. உங்கள் கடைசிப் பக்கத்திலும் அந்த முறையைக் கையாளலாம். யார் யார் எந்த அறையில் படுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, துபாயில் அப்பா இருக்கிறார் என்று சேர்த்து, அம்மா பக்கத்தில் இருப்பதோடு நிறுத்துங்கள்.

வாக்குறுதி விஷயத்தில் கறாராக இருங்கள். "தினமும் இரவு அப்பா போனில் பேசுவார்" என்று எழுதத் தோன்றும். இங்கே இரவு எட்டு மணி என்றால் துபாயில் 6.30; அந்த நேரத்தில் அவர் வேலையிடத்திலிருந்து தங்குமிடத்துக்குத் திரும்பும் வண்டியில் நெரிசலில் நின்றுகொண்டிருக்கலாம். பேசாமல் போகும் முதல் நாளிலேயே புத்தகம் பொய்யாகிவிடும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். அவர் அடுத்த முறை வரும்போது இந்த வரிகளை அவர் குரலிலேயே செல்பேசியில் பதிவுசெய்துகொண்டால், அழைப்பு வராத இரவுகளில் அது உதவும்.

ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: அப்பா விடைபெறும் பக்கத்தையே அவள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வாள். உளப்பகுப்பாய்வின் முன்னோடியான சிக்மண்ட் ஃபிராய்ட் 1920இல் வெளியிட்ட புத்தகம் ஒன்றில், தன் ஒன்றரை வயதுப் பேரன் நூல் கட்டிய மரக்கட்டையைக் கட்டிலுக்கு அப்பால் எறிந்து அது போய்விட்டது என்பதும், இழுத்துக் கொண்டுவந்து இதோ என்று மகிழ்வதுமாக மீண்டும் மீண்டும் விளையாடியதை விவரித்து, தாய் வெளியே போவதைத் தாங்கிக்கொள்ளக் குழந்தை கண்ட வழி அது என்று விளக்கினார். அவருடைய மற்றக் கருத்துகளில் பல பிற்காலத்தில் மறுக்கப்பட்டிருந்தாலும், இந்தக் கவனிப்பு துல்லியமானது என்றே நான் கருதுகிறேன். ஆகவே பக்கத்தைத் தள்ளாதீர்கள். எத்தனை முறை கேட்டாலும் அதே வரிகளை அதே குரலில் வாசியுங்கள்.

கேள்வி: எனக்கு ஓவியம் வராது. எத்தனை பக்கம் வைக்கவேண்டும், எப்படித் தைக்கவேண்டும் என்பதும் தெரியாது. இணையத்திலிருந்து படங்களை எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கடைகளில் கிடைக்கும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் கொண்டவை, அச்சுத்தாளை மடிப்பதில் உள்ள வசதியால் வந்த கணக்கு அது. வீட்டில் 16 பக்கம் போதும். நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம் வரும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அட்டையாகிவிட, உள்ளே எதிரெதிர்ப் பக்கங்களாக ஏழு காட்சிகள் கிடைக்கும். மடித்த நிலையிலேயே பென்சிலால் பக்க எண்களைப் போட்ட பிறகே தாள்களைப் பிரித்து வரையுங்கள்; பிரித்ததும் 1ஆம் பக்கமும் 16ஆம் பக்கமும் ஒரே தாளில் அடுத்தடுத்து வருவதைப் பார்த்துப் பலர் குழம்பிப்போகிறார்கள். 8, 9 ஆகிய நடுப்பக்கங்கள் மட்டுமே முறியாத ஒரே பரப்பு. கார் தெருவில் போகும் பெரிய படத்தை அங்கே வைத்தால், பிரிவு சரியாகப் புத்தகத்தின் நடுவில் அமைந்து, அதற்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று காட்சிகள் நிற்கும்.

வரைந்து முடித்ததும் தைப்பதற்கு முன் முன்னும் பின்னுமாகக் கலர் ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பிரதி செய்யுங்கள். ஒன்று பயணம் போகிறவரின் பெட்டிக்கு. ஸ்டேப்ளர் பின் சிறு விரல்களைக் கீறும் என்பதால் மடிப்பில் மூன்று துளையிட்டுத் தடித்த நூலால் தையுங்கள்.

படங்களைப் பொறுத்தவரை, குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஓவியர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்ளத் தக்க படங்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் இந்தப் புத்தகத்துக்கு உங்கள் கோணல் கோடுகளையே நான் பரிந்துரைப்பேன். உங்கள் வீட்டு வாசல், உங்கள் வீட்டு நீல வாளி, அப்பாவின் கட்டம்போட்ட கைலி ஆகியவை வேறெங்கும் கிடைக்காது. முகம் வராவிட்டால் முதுகை வரையுங்கள். கைலியின் கட்டம் மட்டும் எல்லாப் பக்கங்களிலும் ஒரே நிறத்தில் இருந்தால் குழந்தை ஆளைக் கண்டுபிடித்துவிடும். புகைப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து வெளிக்கோட்டை எடுப்பதிலும் தவறில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா இரண்டு மாதங்களுக்கு முன் காலமானார். பேத்திக்கு ஐந்து வயது. வேலைக்குப் போய்த் திரும்பும் அப்பா, ஊருக்குப் போன சித்தி, இவர்களோடு தாத்தாவையும் ஒரே புத்தகத்தில் சேர்த்து, "தாத்தா சாமிகிட்ட தூங்கப் போயிட்டார்" என்று எழுதலாமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மரணத்தை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ, அதாவது திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே எண்ணுவதைப் பதிவுசெய்தார். உங்கள் பேத்தி அந்த எல்லையில் இருக்கிறாள். மாலையில் திரும்பும் அப்பாவையும் திரும்பாத தாத்தாவையும் ஒரே வரிசையில் வைத்தால், ஒன்று, தாத்தாவுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருப்பாள். அல்லது, அலுவலகம் கிளம்பும் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்வாள். மரணத்தைத் தூக்கம் என்று சொல்லிவிட்டு, அதையும் படுக்கை நேரத்தில் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துத் தூங்கச் சொல்வது அவளுக்குப் பெரும் அச்சத்தைத் தரும்.

தாத்தாவுக்கென்று தனிப் புத்தகம் செய்யுங்கள். "தாத்தா இறந்துவிட்டார். அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அவருக்கு இனி வலிக்காது, பசிக்காது. அவர் திரும்பி வரமாட்டார்" என்ற வரிகள் நமக்குக் கடுமையாகத் தோன்றினாலும் குழந்தைக்குத் தெளிவானவை. கடவுளைப் பற்றிய உங்கள் நம்பிக்கையை இவற்றுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், இவற்றுக்குப் பதிலாக அல்ல. மற்றப் பக்கங்களைத் தாத்தா செய்தவற்றால் நிரப்புங்கள்: சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனது, வெற்றிலைக் காம்பைக் கிள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்தது போன்றவை. அவள் சொல்வதை அவள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் குலைந்தே இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இலும் ஆலோசனை கேட்கலாம்.

இந்தப் புத்தகத்தை இரவில் வாசிக்காமல், விடுமுறை நாளின் முற்பகலில் வாசியுங்கள். முடித்ததும் அவள் எழுந்து ஓடி விளையாடவும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து அடுத்த கேள்வியைக் கேட்கவும் பகல் மீதமிருக்க வேண்டும்.