காணி உறுதியை அலுமாரியிலேயே வையுங்கள், அக்கா

அக்கா, மகளை இனி என்ன படிப்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். உயர்தரத்தில் வணிகப்பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை தோற்றுப்போன பிள்ளை இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி காணாது, அவ்வளவுதான். ஆறுதலை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். இனிச் சொல்வது உங்கள் கணவருக்கும், முக்கியமாகக் கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்கும் பிடிக்காமல் போகலாம்.

நிலாவெளிக் காணியை ஈடு வைத்து, கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் மென்பொருள் பொறியியல் படிப்பிக்கிற யோசனையைக் கைவிடுங்கள். கையேட்டில் போட்டிருப்பது படிப்புக் கட்டணம் மட்டும். வெள்ளவத்தையில் அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி, தவறிய பாடத்தைத் திரும்ப எழுதும் கட்டணம் எல்லாம் அதற்கு வெளியே. வங்கிக்கடனுக்கு வட்டி உடனே ஓடத் தொடங்கும், பிள்ளையின் சம்பளம் வர வருடக்கணக்காகும். சித்தப்பா முதல் தவணை தருவார், சரி. மற்றத் தவணைகளுக்கு யார் பொறுப்பு என்று அவரிடம் கேட்டீர்களா?

காசை விடுவோம். புரோகிராம் எழுதுவது பிடிக்குமா என்று பிள்ளையிடமே கேட்டேன். “ஸ்கூல்ல செஞ்சு பாத்தன், பிடிக்கேல்ல மிஸ்” என்றாள். பிறகு என்னதான் பிடிக்கும் என்றதற்கு, போனை எடுத்துக் காட்டினாள். பெரியம்மாவின் சுற்றுலா விடுதியில் உதவிக்கு நிற்கும்போது அவளாக எழுதி வைத்த குறிப்பு: “மூணாம் ரூம் ஏசி, தண்ணி ஒழுகுது. திருத்துற பாஸ் திங்கள் வாறன் எண்டவர், வரேல்ல. திரும்ப எடு.” அதற்குக் கீழே லோன்ட்ரிக்குப் போன விரிப்புகளின் எண்ணிக்கை, புறாத்தீவுக்குப் படகு கேட்டவர்களின் அறை இலக்கம், யார் முற்பணம் தந்தார்கள் என்ற விவரம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பிள்ளை இதைச் செய்கிறாள் என்றால் அந்த நாட்டத்தை ஜாவா என்ற கணினி மொழிப் புத்தகத்துக்குள் புதைக்க எனக்கு மனமில்லை.

மறுபடி பரீட்சை எழுதுவது, வங்கி வேலை, அரச நியமனத்துக்குக் காத்திருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விடுகிறேன். நான் சொல்வது வேலைகளை ஒருங்கிணைக்கிற தொழில். ஹோட்டல், கட்டட ஒப்பந்த நிறுவனம், தொண்டு நிறுவனம், மென்பொருள் நிறுவனம், எங்கே போனாலும் யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று பின்தொடர ஓர் ஆள் வேண்டும். இதற்கான முறையைப் படிக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

அமெரிக்கரான டேவிட் அலன் 2001 இல் ‘கெட்டிங் திங்ஸ் டன்’ என்ற புத்தகத்தில் சொன்ன முறை இன்றும் அலுவலகங்களில் புழங்குகிறது. தலைக்குள் ஓடுகிற எல்லாவற்றையும் முதலில் ஓரிடத்தில் எழுதிவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து, இதற்கு நான் ஏதும் செய்ய வேண்டுமா, செய்வதென்றால் அடுத்து கைவைக்கிற வேலை எது என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிவதானால் எழுதி வைக்காமல் அப்போதே செய்துவிட வேண்டும்.

பிள்ளை தடுமாறப்போகிற இடம் அந்த ‘அடுத்த வேலை’தான். “தண்ணி மோட்டர்” என்று எழுதினால் அது பட்டியலில் மாதக்கணக்காகக் கிடக்கும். “மோட்டர் பாஸுக்குப் போன் எடுத்து, சனிக்கு முன் வரச் சொல்” என்று எழுதினால்தான் கை போனுக்குப் போகும். பிறருடைய கையில் இருப்பவற்றுக்குத் தனிப் பட்டியல்: லோன்ட்ரியில் விரிப்புகள், படகுக்காரரின் பதில், முகவர் அனுப்ப வேண்டிய காசு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேட்ட திகதி. இப்போதைக்கு முடியாத ஆசைகளுக்கு இன்னொன்று. கூரையில் சூரியப்படல் போடுகிற கதையைப் பெரியம்மா தினமும் எடுக்கிறாராம், அது அங்கே போகட்டும்.

வாரத்துக்கு ஒருமுறை எல்லாப் பட்டியலையும் முதலிலிருந்து கடைசி வரை பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் பட்டியலில் நம்பிக்கை போய்விடும், பிறகு எல்லாம் பழையபடி தலைக்குள்.

மென்பொருள் எது என்று கேட்பீர்கள். மைக்ரோசாஃப்ட் டூ டூ இலவசம், போனிலும் கணினியிலும் வேலை செய்யும், தமிழிலேயே எழுதலாம். பட்டியலைப் பெரியம்மாவோடு பகிரலாம், திரும்பத் திரும்ப வருகிற வேலையைத் தானாக வரச் செய்யலாம். ‘எனது நாள்’ என்றொரு பக்கம் உண்டு. அது ஒவ்வொரு இரவும் வெறுமையாகிவிடும், வேலைகள் அழியாமல் தத்தம் பட்டியலிலேயே இருக்கும். ஆகவே காலையில் இன்றைக்கு எதைச் செய்வது என்று அவளே யோசித்துத் தெரிய வேண்டும். இந்தப் பழக்கத்துக்காகவே அதைச் சொல்கிறேன். பிறகு ட்ரெல்லோ என்ற செயலியையும் பழகட்டும், அறைக்கொரு அட்டை போட்டு ஒரு நெடுவரிசையிலிருந்து அடுத்ததற்கு நகர்த்துவது குழுவாக வேலை செய்கிற இடங்களில் உதவும். ஆனால் செயலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வுண்டர்லிஸ்ட் என்று பேர்போன ஒன்று இருந்தது, மைக்ரோசாஃப்ட் 2015 இல் வாங்கி 2020 இல் மூடிவிட்டது. முறை தெரிந்தவர்கள் பட்டியலை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். நிறம் மாற்றுவதிலும் லேபிள் ஒட்டுவதிலுமே நாளைப் போக்குகிற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன், அதற்கு மட்டும் இடங்கொடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் விடுதியில் ஆள் குறைவு, அப்போது பழகட்டும். மே மாதம் சீசன் தொடங்கினால் ஆறு அறையும் நிரம்பும், முறை பிடிபட்டதா என்பது அப்போது தெரியும். ஒரு நிபந்தனை: சும்மா உதவியாக இல்லாமல், மாதச் சம்பளத்துக்கும் வேலை அனுபவக் கடிதத்துக்கும் பெரியம்மா ஒத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் என்று தயங்காமல் கேளுங்கள்.

சான்றிதழ் வேண்டும் என்று உறவுகள் கேட்டால், திட்ட முகாமைத்துவ அமைப்பான பிஎம்ஐ நடத்துகிற கேப்எம் என்ற தொடக்கநிலைப் பரீட்சைக்குப் பட்டம் தேவையில்லை. மேல்நிலைப் படிப்பும் திட்ட முகாமைத்துவத்தில் 23 மணிநேரப் பயிற்சியும் போதும். அதற்கு மேலான பிஎம்பிக்கு, பட்டம் இல்லாதவர்கள் திட்டங்களை நடத்திய 60 மாத அனுபவம் காட்ட வேண்டும். ஆகவே “பிஎம்பி எடுத்துத் தருகிறோம், உடனே வேலை” என்று யாரும் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கேப்எம் கட்டணம் டொலரில், சீசன் முடியும்வரை அதையும் கட்ட வேண்டாம்.

குறை ஒன்று இருக்கிறது, அது ஆங்கிலம். பேசுகிறாள், எழுதத் தயங்குகிறாள். விருந்தினர்களின் மின்னஞ்சலுக்கு இனி அவளே பதில் எழுதட்டும், பிழை வந்தால் வரட்டும். பட்டம்தான் உங்களுக்கு மனக்குறை என்றால், திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டத்தை வேலை செய்துகொண்டே படிக்கலாம், காணியை ஈடு வைக்கத் தேவை வராது.

சித்தப்பாவுக்கு உண்மையிலேயே உதவ விருப்பமென்றால், பாவித்த நல்ல மடிக்கணினி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை போனிலேயே தொடங்கலாம். சீசன் முடிந்ததும் அவளையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பட்டியல்களை நான் பார்க்க வேண்டும்.