தாத்தாவின் துப்பாக்கியும் வீட்டுத் திருப்புளியும்

கேள்வி: தாத்தா வைத்திருந்த 12 போர் (குழல் அளவின் பெயர்) இரட்டைக்குழல் துப்பாக்கி, முறையான உரிமத்தோடு இப்போது என் பெயருக்கு வந்திருக்கிறது. இருபது வருடமாக யாரும் தொடவில்லை. குழலுக்குள் துரு தெரிகிறது, திருகுகள் அசைய மறுக்கின்றன. இதற்கென்று விற்கும் கருவிகள் என்னிடம் இல்லை. வீட்டில் இருப்பதை வைத்தே பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: சுத்தம் தாராளமாகச் செய்யலாம். பிரிப்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். உங்களுக்குத் தேவையான சுத்தத்தில் பெரும்பகுதிக்கு ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். குழலை மடக்கிப் பார்த்துவிட்டு, மூடி, முன்கட்டையை (குழலுக்கு அடியில் இருக்கும் மரப்பிடி) கழற்றி, மறுபடி மடக்கினால் குழல் தனியாகக் கையில் வந்துவிடும்.

முதலில் மடக்கும்போதே தோட்டா உட்காரும் இரண்டு அறையையும் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். இருபது வருடம் சும்மா கிடந்தது என்பதால் காலியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. துருவேறி மடங்கவே இல்லையென்றால், உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, எதையும் நெம்பாமல் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, குழல் கைக்கு வந்துவிட்டது. ஒரு மீட்டர் நீளத்தில், 12 மில்லிமீட்டர் கனமுள்ள உருண்டை மரக்கம்பு ஒன்று போதும். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், அதனால் துணியோடு சேர்ந்து கம்பு இறுக்கமாகப் போகும். நுனியில் ரம்பத்தால் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு பிளவு போட்டு, அதில் பழைய பருத்தித் துணியைக் கோத்துக்கொள்ளுங்கள். தோட்டா போடும் பக்கத்திலிருந்துதான் தள்ள வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், வாய் விளிம்பைத் தேய்த்துவிடும். கடையில் வாங்கியே ஆக வேண்டியது வெண்கல பிரஷ் ஒன்றுதான். ஒட்டிக்கிடக்கும் ஈயமும் பிளாஸ்டிக் படிவும் அதற்கும் அசையாவிட்டால், மிக மெல்லிய இரும்புப் பஞ்சை (உறையில் 0000 என்று போட்டிருக்கும்) தேய்ந்துபோன பிரஷ் மேல் சுற்றி, எண்ணெய் விட்டுக் கையால் தேய்க்கலாம். டிரில் மெஷினில் மாட்டிச் சுழற்றும் யோசனையை மட்டும் மறந்துவிடுங்கள்.

இனி, உங்களைத் தூங்கவிடாத அந்தத் திருகுகள். வீட்டுத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சாய்வாக இருக்கும். பழைய துப்பாக்கித் திருகின் பிளவோ நேராக, மிக ஒடுக்கமாக இருக்கும். சிலவற்றில் இரண்டு விசிட்டிங் கார்டை அடுக்கிய கனம்தான் நுழையும். ஆப்பை அதில் வைத்துத் திருப்பினால் மேல் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு வழுக்கி வெளியே வரும், வரும்போது திருகின் தலையையும் பிய்த்துக்கொண்டு வரும். பக்கத்தில் இருக்கும் சித்திர வேலையில் ஒரு கோடும் இழுத்துவிடும். பிய்ந்த தலைகளைப் பார்த்தே, இதை எத்தனை பேர் எத்தனை அவசரத்தில் பிரித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆகவே நீங்களே செய்ய வேண்டிய கருவி ஒன்றே ஒன்று. நல்ல எஃகில் செய்த பழைய தட்டைத் திருப்புளியை எடுத்து, நுனியின் கடைசி மூன்று மில்லிமீட்டரை அரத்தால் இரு பக்கமும் இணையாகத் தேயுங்கள். அகலம் திருகுத் தலையின் அளவே இருக்கட்டும், ஒரு மயிரிழைகூட வெளியே நீட்டக் கூடாது. சாணையில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும், நுனி நீலம் பாய்ந்தால் அதன் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். பிளவில் நிறுத்திக் கையை எடுங்கள். ஆடாமல் தானே நின்றால் சரியாகப் பொருந்திவிட்டது.

ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மூன்று நாள் காத்திருங்கள். சொட்டு என்றால் சொட்டுதான், கட்டைக்குள் இறங்கினால் மரம் ஊறி மென்மையாகிவிடும். அப்புறம் திருப்புளியை வைத்து, பிடியின் தலையில் மரச்சுத்தியால் லேசாக இரண்டு தட்டு. உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தியபடி, முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம், பிறகு தளர்த்தும் பக்கம். இதற்கும் வராவிட்டால் சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் ஒரு நிமிடம் வைத்தெடுத்து மறுபடி முயலலாம். தீச்சுடர் பக்கமே போகாதீர்கள், இரும்பின் பதம் கெட்டுவிடும். கழற்றிய திருகுகளை அட்டையில் துளை போட்டு அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், ஒன்று இன்னொன்றின் துளையில் சரியாக உட்காராது.

பூட்டுப் பகுதிக்குள், அதாவது விசையை இழுத்தால் தோட்டாவை வெடிக்கவைக்கும் பொறிக்குள், போகாதீர்கள். அங்கே வி வடிவத் தட்டு ஸ்பிரிங் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கும். குறடால் பிடித்து அமுக்கி, அது நழுவினால் முதலில் போவது கண். இதையெல்லாம் விளக்கி ஒரு பக்கத் தாள்கூட இப்படிக் கைமாறும் பழைய துப்பாக்கியோடு வருவதில்லை. வைத்திருக்க அனுமதி கேட்டால் படிவத்துக்கு மேல் படிவம் எழுத வைக்கிறார்கள், துடைப்பது எப்படி என்று சொல்ல மட்டும் எந்த அலுவலகத்துக்கும் தோன்றுவதில்லை.

அந்தக் குறையில்தான் பாலிஷ்காரர் நுழைகிறார். “என்னிடம் விடுங்கள், புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன், நல்ல விலைக்கும் போகும்” என்பார். நம்பாதீர்கள். பஃப் சக்கரத்தில் போட்டால் கூர்மையான ஓரங்கள் மழுங்கும், குழலின் அடியில் இருக்கும் சோதனை முத்திரைகள் அழியும். அந்தக் குழல் என்ன அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது, அறை நீளம் 65 மில்லிமீட்டரா 70 மில்லிமீட்டரா என்று பிறகு பழுதுபார்ப்பவர் தெரிந்துகொள்வது அந்த முத்திரையிலிருந்துதான். அதைவிட மோசம், கொதிக்கும் உப்புக் கரைசலில் முக்கிக் கருநீலம் ஏற்றுவது. இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் மென்மையான ஈயப்பற்று. அந்தக் கரைசலின் காரம் அதைத் தின்றுவிடும். வாங்கி வந்த அன்று பளபளக்கும், சில மாதத்தில் இரண்டு குழலுக்கும் இடையே ஓடும் நடுப்பட்டை விட்டுக்கொண்டு உள்ளிருந்து துரு கசியும். அப்படி வந்தவற்றை என் மேசையில் நிறையவே பார்த்திருக்கிறேன். பாலிஷ் போட்டுக் கொடுத்தவர் அதற்குள் கடையை மாற்றியிருப்பார். பழைய உதிரிகள் கழன்று வேறு உதிரிகள் ஏறியிருந்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். துப்பாக்கிப் பக்கம் தண்ணீரே கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தாத்தா காலத்தில் கருமருந்துத் தோட்டா (புகை கக்கும் பழைய வெடிமருந்து அடைத்தது) சுட்டிருந்தால் அது தலைகீழ். கருமருந்தின் கரியில் இருக்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை அரிக்கும். அவை எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். தோட்டாவைப் பற்றவைக்கும் பழைய கேப்புகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டும் இப்படித்தான், வெடித்தபின் உப்பாகத் தங்கிவிடும். மேலே எண்ணெய் பூசினால் உப்பை மூடிவைத்துப் பாதுகாத்த கதைதான். ஆகவே கழற்றிய குழலுக்கு மட்டும், கட்டைக்கும் பூட்டுக்கும் அல்ல, வெந்நீரில் நனைத்த துணியை நாலைந்து முறை ஓட்டுங்கள். துணி கறையில்லாமல் வந்ததும் உலர்ந்த துணி, குழல் முழுக்கக் காய்ந்தபின் மெல்லிய எண்ணெய். எதைச் சுட்டார்கள் என்று தெரியாவிட்டாலும் ஒருமுறை இப்படிச் செய்யலாம், நஷ்டமில்லை. காயவைக்காமல் விடுவதில்தான் நஷ்டம்.

சமையல் எண்ணெய் பூசாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாக இறுகும். துடைத்த குழலை வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். உள்ளே குழி விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வெளியே பாம்புச் சட்டை மாதிரி சுருள் வரிகள் தெரிந்தால், அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரண்டில் எது இருந்தாலும், பழுதுபார்ப்பவர் அளந்து பார்த்துச் சொல்லும்வரை அதில் ஒரு தோட்டாவும் போடக் கூடாது. முதல் சில வாரம் வாயைக் கீழ்நோக்கி, அடியில் ஒரு துணி விரித்து நிறுத்தி வையுங்கள். மிச்ச எண்ணெய் கட்டைக்குள் இறங்காமல் துணியில் வடிந்துவிடும்.